பனிவண்டியும் பன்னிரண்டு என்ற எண்ணும்

அந்த வண்டியை லாரியிலிருந்து இறக்கியபோது எது முன்பக்கம், எது பின்பக்கம் என்றே எங்கள் கராஜில் ஒருத்தனுக்கும் தெரியவில்லை. முன்னால் சக்கரம் இல்லை, ரெண்டு சறுக்குப் பட்டைகள்தான். பின்னாலும் சக்கரம் இல்லை, புல்டோசருக்கு இருப்பதுபோல ஒரு அகலமான ரப்பர் பெல்ட். நடுவில் பைக் மாதிரி சீட்டும் கைப்பிடியும். ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் நான் கை வைக்காத வண்டி கிடையாது என்று அதுவரைக்கும் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். வாயை மூடிக்கொண்டு அதை ரெண்டு சுற்று சுற்றி வந்தேன்.

"பரஃப் கா காடி" என்றார் எங்கள் முதலாளி அர்பாப். பனியில் ஓடுகிற வண்டி. கனடாவிலிருந்து கப்பலில் வந்திருக்கிறது. அதுவும் சும்மா வண்டி இல்லை, டர்போ மாட்டின வண்டி. துபாயில் ஒரு மாலுக்குள்ளேயே பனி மலை கட்டிவிட்டார்கள் என்று எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டிருந்த காலம் அது. இவர் அங்கே ஓட்டப் போகிறாராக்கும் என்று நினைத்தேன். இல்லை. அபுதாபி தாண்டி, லிவா பாலைவனத்தில் ஒரு பெரிய மணல் மேடு இருக்கிறது. அடியில் நின்று பார்த்தால் தொப்பி விழும். அதில் இவருடைய சொந்தக்காரர்கள் பெரிய இன்ஜின் போட்ட ஜீப்பெல்லாம் ஏற்றியாகிவிட்டது. இவருக்கு இந்தப் பனிவண்டியை ஏற்ற வேண்டும்.

பைத்தியக்காரத்தனம் என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த நிமிஷமே, ஏறுமா என்று தோன்றியது. என் ராசி அப்படி. ஒரு விஷயம் நடக்குமா நடக்காதா என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அர்பாப் என்று நாங்கள் கூப்பிட்டது கராஜ் முதலாளியை. இந்த ஊர்க்காரர். ஆள் பருமன், குரல் மட்டும் பூனைக்குட்டி மாதிரி மெல்லிசு. எங்களோடு உடைந்த இந்தியில் பேசுவார். என் கஃபீலும் அவர்தான். என் விசா அவர் பெயரில், என் பாஸ்போர்ட் அவர் அலமாரியில். நான் வேறு கம்பெனிக்குப் போக வேண்டுமானால் அவர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அதற்கு ரிலீஸ் என்று பெயர். அது இல்லாமல் போனால் விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், திரும்பி வருவதற்குத் தடை வேறு விழும்.

எனக்கு அந்தக் காகிதம் வேண்டியிருந்தது. அந்தக் கோடையில் ஒரு கேஸ்கெட் வாங்க துபாய்க்குப் போனபோது ஒரு புது ஒர்க்‌ஷாப்பைப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு காரை உருளை மேல் ஏற்றிக் கட்டியிருந்தார்கள். கார் நின்ற இடத்திலேயே நூற்று நாற்பதில் பறக்கிறது, பக்கத்தில் கம்ப்யூட்டர் திரையில் இன்ஜினின் சக்தி கோடு கோடாக ஏறுகிறது. நான் கேஸ்கெட்டை மறந்துவிட்டேன். உள்ளே போய் அந்த மேனேஜரிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டு அவரைப் பிய்த்து எடுத்துவிட்டேன். அவரும் கோபப்படாமல் என்னிடம் பத்துக் கேள்வி கேட்டார். கடைசியில், "வருஷம் முடியறதுக்குள்ள ரிலீஸ் கொண்டு வா, வேலை தரேன்" என்றார்.

அர்பாப்பிடம் கேட்டேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பனிவண்டி வந்த அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். "இதை எனக்கு லிவா மேட்டுக்குத் தயார் பண்ணிக் கொடு. அப்புறம் உன் காகிதத்தைக் கொண்டா." சத்தியமாக அன்றைக்கு எனக்குச் சிறகு முளைத்துவிட்டது.

முதல் நாள் ஸ்டார்ட் பண்ணினேன். கரும்புகை கக்கியது. ஆக்சிலேட்டரைத் திருகினால் தொண்டையில் சோறு சிக்கினவன் மாதிரி திணறியது. செப்டம்பர் மாசம், மதியம், கராஜ் பின்னால் தகர நிழலில் நாற்பத்திரண்டு டிகிரி. கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மீட்டர் இருந்தது. இன்ஜினுக்குள் எரிந்து வெளியே போகிற புகையை மோந்து பார்த்து, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காத்து போயிருக்கிறது என்று அது எண்ணில் சொல்லும். அன்றைக்கு ஒன்பதே முக்கால் காட்டியது. அதாவது பெட்ரோல் எக்கச்சக்கம், காத்து பத்தவில்லை.

நான் புதுக்கோட்டைப் பக்கம் டிராக்டர் மெக்கானிக்காக இருந்தவன். ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்து வைத்தியம் செய்து பழக்கம். காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் நலம், கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெள்ளையாக இருந்தால் ஆபத்து. அதுக்கு மேல் ஒரு இன்ஜின் வாயைத் திறந்து எண்ணில் பேசும் என்று எனக்குத் தெரியாது. அந்த மீட்டரைப் பார்த்ததும் பிள்ளை பிறந்த வீட்டுக்காரன் மாதிரி ஆகிவிட்டேன். வருகிறவன் போகிறவனையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு படித்தேன். டர்போ என்பது காத்தை அழுத்தி உள்ளே தள்ளுகிற விசிறி. எவ்வளவு அழுத்துகிறது என்பதுதான் பூஸ்ட். அழுத்த அழுத்தக் காத்து கூடும், அதற்குத் தக்கபடி பெட்ரோலும் கூட வேண்டும். பெட்ரோலைக் கூட்டவும் குறைக்கவும் சீட்டுக்கு அடியில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டி, அதில் ஒரு பட்டன். ஒரு தட்டுத் தட்டினால் கொஞ்சம் கூடும். முழு வேகத்தில் போகும்போது மீட்டரில் பன்னிரண்டு வர வேண்டும் என்று புத்தகத்தில் அடிக்கோடு போட்டிருந்தது. பன்னிரண்டுக்குக் கீழே போனால் புகை, திணறல், ஆனால் சாகாது. மேலே போனால் சூடு. பதினான்கைத் தொட்டால் பிஸ்டன் உருகும்.

ரோலா பக்கம் ஒரு நெட் கஃபேயில் உட்கார்ந்து, இந்த வண்டி ஓட்டுகிறவர்கள் கூடிப் பேசுகிற ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்தேன். அவனவன் மைனஸ் இருபதில் எப்படி ட்யூன் பண்ணுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தான். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், 'இங்கே நாற்பத்திரண்டு டிகிரி, என்ன செய்ய' என்று போட்டேன். ஒரு அமெரிக்காக்காரன், 'அது நல்ல இளவேனில் நாள், ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று பதில் போட்டான். அவன் கணக்கு வேறு டிகிரி, ஃபாரன்ஹீட். நான் என் டிகிரியை விளக்கினேன். ரெண்டு நாள் ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. அப்புறம் ஒருத்தன் கேட்டான்: 'சகோதரா, அந்த வண்டி அங்கே என்ன பண்ணுகிறது?' எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்து சீட்டு பாகிஸ்தான் பட்டாணிக்காரன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

அங்கேதான் முதல் சிக்கல் புரிந்தது. இந்த இன்ஜினின் தண்ணி, வண்டிக்கு அடியில் தெறிக்கிற பனி பட்டுத்தான் குளிருமாம். மணலில் பனிக்கு எங்கே போவது? சீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கார் ரேடியேட்டரையும் விசிறியையும் மாட்டினேன். பத்து நிமிஷம் தாங்கியது. அதுக்கு மேல் கொதித்தது.

ஐஸைக் கொண்டு வந்தவன் என் ரூம்காரன். நாகப்பட்டினத்துக்காரன், மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைக்கிற டூட்டி. என்னை மாப்ள என்பான், நானும் அவனை மாப்ள என்பேன். ஒரு வெள்ளிக்கிழமை பனிவண்டியைப் பார்க்கிறேன் என்று கராஜுக்கு வந்தவன், கொதிக்கிற ரேடியேட்டரைப் பார்த்து, "அடப்பாவி, இதுக்கா இந்தப் பாடு படுறே?" என்று போனான். அடுத்த வாரம் மீன் பெட்டி நிறைய உடைத்த ஐஸோடு வந்தான். ரேடியேட்டரோடு சேர்த்துக் கட்டினோம். வண்டி அரைமணி நேரம் சூடு ஏறாமல் ஓடியது.

"ஊர்ல அவனவன் ஆளுங்களுக்கு ஐஸ் வைப்பான். நான் வண்டிக்கு வைக்கிறேன் பாரு" என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தானாம். பனிவண்டிக்குப் பனியே நான்தான் என்றுகூடச் சொல்லியிருக்கிறான். வண்டியில் மீன் வாடை நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. அர்பாப் அதன் பக்கம் வரும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பார்.

அதற்கப்புறம் ரெண்டு மாசம் நான் அந்த எண்ணோடுதான் குடித்தனம் நடத்தினேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் கராஜுக்குப் பின்னால் இருக்கிற மணல் மேடுகளுக்கு வண்டியைத் தள்ளிப் போவேன். ஓட்டுவேன், மீட்டரைப் பார்ப்பேன், இறங்கி ஒரு தட்டுக் குறைப்பேன், மறுபடி ஓட்டுவேன். ஒன்பதே முக்கால் பத்தாச்சு. பத்து பத்தரையாச்சு. ஒரு நாள் முழுக்க பதினொன்றிலேயே நின்று என் உயிரை எடுத்தது. மீட்டர் சொல்வதை அப்படியே நம்பிவிட எனக்கு மனசில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ப்ளக்கைக் கழற்றி நிறத்தையும் பார்த்தேன். ரெண்டும் ஒரே பதிலைச் சொல்லுகிற நாளில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை யாரிடம் சொன்னாலும் புரியாது.

பூஸ்டையும் ஒவ்வொரு பவுண்டாக ஏற்றினேன். கனடாவில் எட்டில் வைத்திருந்தார்கள். லிவா மேட்டுக்கு எட்டு காணாது, பன்னிரண்டு வேண்டும். ஒரு பவுண்டு ஏற்றினால் மீட்டர் உடனே எகிறும், அதற்கு ஈடாகப் பெட்ரோலைத் தட்டுவேன். இப்படி ஏறி ஏறி, நவம்பர் மாசம் ஒரு சாயங்காலம், முழு ஆக்சிலேட்டர், பூஸ்ட் பன்னிரண்டு பவுண்டு, மீட்டரில் பதினொன்று புள்ளி எண்பது, பன்னிரண்டுக்கு ஒரு துளி கீழே. அசையாமல் நின்றது. நான் மணலில் இறங்கி மல்லாந்து படுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு ரூமில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது மாப்ள கேட்டான்.

"அது என்னடா, காத்து குளுந்தா ஒண்ணு, சுட்டா ஒண்ணுங்கறே? காத்து காத்துதானே?"

"இல்ல மாப்ள. சூடான காத்து விரிஞ்சு கெடக்கும். குளுந்த காத்து நெருக்கியடிச்சு நிக்கும். அதே ரூம்ல ஆறு பேரு இருந்த எடத்துல எட்டுப் பேரு வந்துட்டா என்ன பண்ணுவே?"

"கூட ரெண்டு படி அரிசி போடுவேன்."

"அதான். காத்து குளுந்தா பெட்ரோலக் கூட்டணும்."

"கூட்டலன்னா?"

"சட்டி தீஞ்சுடும்."

இதை நானேதான் அவனுக்குச் சொன்னேன். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாத்தியார் மாதிரி சொன்னேன். டிசம்பர் வந்து காலைக் காத்து சில்லென்று ஆனபோது, மறக்காமல் ரெண்டு தட்டுப் பெட்ரோலும் கூட்டினேன். ஆகையால் எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

டிசம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அர்பாப் நாள் குறித்தார். காலைத் தொழுகை முடிந்ததும் கிளம்பினோம். அவர் தன் லேண்ட் க்ரூஸரில் முன்னால் போனார். பின்னால் நான் பிக்கப்பில், பனிவண்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டு. பக்கத்தில் மாப்ள. மார்க்கெட்டில் லீவு சொல்லிவிட்டு ஆறு பெட்டி ஐஸோடு வந்திருந்தான். அவன் போர்வையை மடித்து ஐஸ் பெட்டிகளின் மேல் போட்டுவிட்டு, குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

டாஷ்போர்டில் என் ரிலீஸ் காகிதம் இருந்தது. ரோலாவில் ஒரு டைப்பிங் கடையில் அரபியிலும் இங்கிலீஷிலும் அடித்து வாங்கியது. கீழே கோடு போட்டு, அவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். கறை படியக் கூடாது என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தேன். அபுதாபி தாண்டுகிறவரைக்கும் மாப்ள அதை எடுத்து எடுத்துப் பார்த்தான்.

"மேனேஜர் ஆனதும் என்னைய மறந்துராத."

"நான் எங்கடா மேனேஜர், அங்கேயும் ஸ்பேனர்தான்."

"கண்ணாடி ரூமுக்குள்ள ஸ்பேனர். ஏசி போட்டிருப்பான்ல?"

"போட்டிருப்பான்."

"அப்ப சரி" என்று காகிதத்தை மறுபடி உறைக்குள் வைத்தான்.

ருவைஸ் போகிற ரோட்டில் போய் இடது பக்கம் திரும்பி, லிவா போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. மேட்டின் அடியில் அர்பாப்பின் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் பாய் விரித்து, காவா என்கிற அரபிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பனிவண்டியைப் பார்த்ததும் ஒரே சிரிப்பு. ஒருத்தர் வந்து சறுக்குப் பட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னமோ கேட்டார், எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். எனக்குக் காது மடல் சூடேறியது. சிரிங்கடா சிரிங்க, இன்னும் அரைமணி நேரம்தான் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். பெட்ரோலைத் துணியில் வடிகட்டி ஊற்றினேன். இன்ஜினைச் சூடேற்றினேன். மாப்ள ரேடியேட்டர் பெட்டியில் ஐஸை நிரப்பினான். எல்லாம் ரெண்டு மாசமாகச் செய்த அதே வேலைகள்.

அப்போது மாப்ள கூப்பிட்டான். "மாப்ள, ஒரு பெட்டி மிச்சம் கெடக்கு. இந்த மூக்குலயும் கொஞ்சம் வச்சுரவா?"

மூக்கு என்று அவன் சொன்னது வண்டியின் முன்பக்கம், டர்போவிலிருந்து வருகிற காத்தைக் குளிர வைக்கிற பெட்டி. இன்டர்கூலர். சுற்றிக் கம்பி வலை இருக்கும், நனைந்த சாக்கில் ஐஸைக் கட்டி அதன் மேல் உட்கார வைக்கலாம். நான் நிமிர்ந்து பார்த்தேன். வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது.

"வை" என்றேன்.

ஒரே எழுத்து. இன்றைக்கும் அந்த ஒரு எழுத்தை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும். ரேடியேட்டர் மேல் வைக்கிற ஐஸ் தண்ணிக்கு. அது இன்ஜினுக்கு நல்லது. மூக்கில் வைக்கிற ஐஸ் காத்துக்கு. ஆறு பேர் இருந்த ரூமுக்குள் எட்டுப் பேரைக் கூட்டி வந்து விடுகிற வேலை அது. அதைச் செய்தால் பெட்ரோலைக் கூட்ட வேண்டும். நான் கூட்டவில்லை. நினைத்துப் பார்க்கக்கூட இல்லை. ஏன் தெரியுமா? இந்த நாட்டில் ஐஸ் வேண்டாம் என்று சொல்லி யாருக்கும் பழக்கமே கிடையாது. சைட்டில் மயங்கினவன் தலைக்கு ஐஸ், கிணுகிணுக்கிற ஏசி மெஷினுக்கு ஐஸ், சூடான பேட்டரிக்கு ஐஸ். செல்போன் சுட்டால்கூட ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்கிற கூட்டம் நாங்கள். எட்டு வருஷம் வெயிலில் வெந்தவன் காதில், குளிர் என்றாலே நன்மை என்றுதான் விழும். கனடாக்காரன் ஒருத்தன் அந்த இடத்தில் நின்றிருந்தால் பதறிப் போயிருப்பான்.

நின்றபடி மீட்டரைப் பார்த்தேன். சும்மா நிற்கிற இன்ஜினில் பூஸ்ட் இருக்காது, எண் வழக்கம்போலத்தான் இருந்தது. அர்பாப் தன் கந்தூரா அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். ஹெல்மெட்டை மாட்டினார். "யல்லா."

ஐயோ, அது போன போக்கு! பின் பெல்ட் மணலை ஆள் உயரத்துக்குச் சீய்த்துக்கொண்டு போனது. பாயில் இருந்தவர்கள் கோப்பையோடு எழுந்து நின்றுவிட்டார்கள். கால்வாசி ஏறியது, பாதி ஏறியது. மாப்ள என் முதுகில் போட்டு அடித்துக்கொண்டு, "ஏறுதுடா, ஏறுதுடா" என்று கத்துகிறான். நானும் கத்தினேன். கத்திக்கொண்டே இருக்கும்போது காதில் ஒன்று பட்டது. சத்தம் ரொம்பச் சுத்தமாக இருந்தது. ரெண்டு மாசமாக நான் கேட்ட சத்தத்தில் அடியில் ஒரு கரகரப்பு இருக்கும், வயிறு நிறைந்தவன் குரல் மாதிரி. இது கம்பியைச் சுண்டிவிட்டது போல இருந்தது. என்ன என்று யோசிப்பதற்குள், முக்கால்வாசி மேட்டில், சத்தம் நின்றது.

அவ்வளவுதான். மணல் மட்டும் கொஞ்ச நேரம் சரிந்துகொண்டிருந்தது.

நான் ஓடினேன். அந்த மேட்டில் ஓட முடியாது, ஒரு அடி வைத்தால் முக்கால் அடி வழுக்கும். கையும் காலுமாக ஏறிப் போய்ச் சேர்ந்தபோது நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருந்தது. அர்பாப் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கோபமே இல்லை. கீழே இருந்து சொந்தக்காரர்கள் என்னமோ கத்தினார்கள். அவர் கையை ஆட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பெட்ரோல் கராப்" என்றார். பெட்ரோல் மோசம், அவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். உன் தப்பு இல்லை. பனிவண்டி இவ்வளவு தூரம் ஏறியதே போதும், அவன்கள் சிரிப்பு நின்றுபோனது பார்த்தாயா? "உன் வேலை கலாஸ், முடிந்தது. கீழே போனதும் காகிதத்தைக் கொண்டா, கையெழுத்துப் போட்டுத் தரேன்."

அப்படியே சொன்னார். நான் செய்ய வேண்டியதெல்லாம் 'ஆமா அர்பாப்' என்று சொல்வது மட்டும்தான்.

ஆனால் என் கை அதற்குள் வண்டியின் மூக்கில் இருந்தது. சாக்கில் பாதி ஐஸ் அப்படியே இருந்தது. விரல் மரத்துப் போகிற குளிர். அந்த மீட்டரில் ஒரு பட்டன் உண்டு, அமுக்கினால் கடைசி ஓட்டத்தில் தொட்ட உச்ச எண்ணைத் திருப்பிக் காட்டும். அமுக்கினேன். பதினான்கு பத்து.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அந்த நொடியில் வெட்கம் வந்தது, துக்கம் வந்தது, ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சந்தோஷம் வந்தது. அட, இதனாலதான்! சாக்கு, குளிர்ந்த காத்து, கூட்டாத பெட்ரோல், சுத்தமான சத்தம், பதினான்கு. எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டன. இப்படி ஒரு பளிச்சென்ற காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நானே வடிகட்டி ஊற்றின நல்ல பெட்ரோலைக் கெட்டுப்போனது என்று சொன்னால் எனக்குப் பொறுக்குமா?

மூச்சிரைக்க ஏறி வந்த மாப்ள நடந்ததைக் காதில் வாங்கிவிட்டான். என் சட்டையைப் பிடித்து இழுத்து, தமிழில் காதோரம் சொன்னான். "வாய மூடிட்டு ஆமான்னு சொல்லுடா. உன் காகிதம்டா."

"பெட்ரோல் இல்ல அர்பாப்!" என்று நான் கத்தியேவிட்டேன். அவர் திடுக்கிட்டுப் போனார். "பெட்ரோல் நல்ல பெட்ரோல். இதப் பாருங்க." மீட்டரைக் காட்டினேன். அவர் கையை இழுத்துச் சாக்கின் மேல் வைத்தேன். ப்ளக்கைக் கழற்றிக் காட்டினேன். வெள்ளை வெளேரென்று இருந்தது, அதன் நுனியில் உருகின பிஸ்டன் மினுக் மினுக்கென்று பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்தது. எனக்குத் தெரிந்த அத்தனை இந்தியையும் கொட்டி, ஆறு பேர் ரூமில் எட்டுப் பேர் வந்த கதையைச் சொன்னேன்.

அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டார். "அப்போ, இது சூட்டில் சாகவில்லை?"

"இல்ல அர்பாப். காத்து குளுந்து போச்சு. அதான் எரிஞ்சுபோச்சு."

"இங்கே? லிவாவில்? குளிரிலா?"

"ஆமா."

சிரிக்க ஆரம்பித்தார். அந்த மெல்லிசுக் குரலில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் தண்ணி வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, "ஐஸ் யார் வைத்தது?" என்றார்.

மாப்ள முகத்தில் ரத்தமே இல்லை.

"நான்தான் வைக்கச் சொன்னேன்" என்றேன். அது பொய்யும் இல்லை.

அவர் ப்ளக்கை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். எவ்வளவு குளிருக்கு எவ்வளவு பெட்ரோல்? மேட்டின் பாதியில் ஆக்சிலேட்டரிலிருந்து கையை எடுத்திருந்தால் பிழைத்திருக்குமா? மீட்டர் தன் கண்ணுக்கு முன்னால்தானே இருந்தது, தான் ஏன் பார்க்கவில்லை? ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். மணலில் விரலால் கோடு போட்டுக் காட்டினேன். கீழே சொந்தக்காரர்கள் சோற்றைப் பிரித்துவிட்டார்கள், நாங்கள் ரெண்டு பேரும் பிள்ளைகள் மாதிரி மணலில் உட்கார்ந்திருந்தோம். அத்தனை வருஷத்தில் அந்த மனுஷனோடு நான் அவ்வளவு நேரம் பேசினதே இல்லை.

கடைசியில் எழுந்து கந்தூராவைத் தட்டிவிட்டுக்கொண்டார். என் தோளில் கை வைத்தார்.

"என் கராஜில் எத்தனையோ இன்ஜின் செத்திருக்கிறது. ஒவ்வொரு மெக்கானிக்கும் ஒரே பதில்தான் சொல்வான். பெட்ரோல் கராப். நீதான் முதல் ஆள், ஏன் செத்தது என்று சொன்னவன்." தோளை அழுத்தினார். "உன்னைப் போய் நான் துபாய்க்காரனுக்குக் கொடுப்பேனா? ரிலீஸ் மாஃபி, கிடையாது. புதுப் பிஸ்டன் வரவழைக்கிறேன். அடுத்த வருஷம் ஏற்றுவோம்."

பரிசு கொடுத்தவர் மாதிரி சிரித்த முகத்தோடு கீழே இறங்கிப் போனார். மனுஷன் மனசாரத்தான் சொன்னார், அதுதான் கொடுமை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது கத்தியிருப்பேன். அந்தக் கண்ணாடி ரூமும் உருளை மேல் பறக்கிற காரும் கண்ணுக்கு முன்னால் வந்தன. மணலில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன்.

திரும்பி வரும்போது மாப்ள வண்டியை ஓட்டினான். காலி மீன் பெட்டிகள் பின்னால் தடதடத்துக்கொண்டே வந்தன. அபுதாபி வந்ததும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஆமான்னு ஒரு வார்த்த. ஒரே வார்த்தடா. உனக்கு என்னடா கேடு?"

ஸ்டியரிங்கை உள்ளங்கையால் ஒரு அடி அடித்தான்.

"எல்லாம் என்னாலதான். ஒரு பெட்டி மிச்சமாச்சேன்னு வச்சேன்."

"போடா. வச்சது நீ. வைன்னு சொன்னது நான். அதப் பத்திப் பேசுனே, எறங்கிப் போயிருவேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனே கேட்டான்.

"சரி. அந்த ஐஸோட ஏத்தணும்னா, எத்தன தட்டு கூட்டியிருக்கணும்?"

எனக்கு அவன் மேல் கோபம் கோபமாக வந்தது. இப்போது கேட்கிற கேள்வியா இது? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் மண்டைக்குள் அதற்குள் பதினொன்று எண்பதும் பதினான்கு பத்தும் எதிரும் புதிருமாக நின்றுகொண்டிருந்தன. ஒரு தட்டுக்கு எவ்வளவு என்று தெரியும், ஐஸ் பட்ட காத்து எவ்வளவு சுருங்கியிருக்கும் என்றும் இப்போது தெரியும். எழுதிப் பார்த்தால் வந்துவிடும்.

டாஷ்போர்டைத் துழாவினேன். வேறு காகிதம் ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் உறையிலிருந்து ரிலீஸ் காகிதத்தை உருவி, முழங்காலில் வைத்து, பின்பக்கம் திருப்பிக் கணக்குப் போட்டேன். ஆறு தட்டு வந்தது.